பீட்ரூட் சாற்றுக்கும் இரண்டரை

2025 பிப்ரவரி 18, செவ்வாய்

இன்றும் 2.5.

பழைய நோட்டு நேற்றோடு முடிந்தது. புதிதில் ஒரு தடவை எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன். நான் எங்காவது விழுந்து கிடந்தால் எடுத்துப் பார்ப்பவருக்கு உதவும்.

வயது எழுபத்து நான்கு. இதயத்தில் உலோக வால்வு, பதினோரு வருடமாக. ரத்தம் உறையாமலிருக்க தினம் இரவு மாத்திரை. மாத்திரை அதிகமானால் உடம்புக்குள் ரத்தம் கசியும். குறைந்தால் வால்வில் கட்டி அடைக்கும். சரியாக இருக்கிறதா என்று ஒரு எண் சொல்லும். அது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கவேண்டும். டாக்டர் நாசர் பார்க்கிறார்.

முன்பெல்லாம் லேபுக்குப் போய் ஊசியில் ரத்தம் கொடுப்பேன். போன ஜூனிலிருந்து வீட்டிலேயே பெட்டி. பிராங்கிளின் கொண்டுவந்தது. என் கொழுந்தனார் மகன், பழனி ரோட்டில் மருத்துவக் கருவிக் கடை வைத்திருக்கிறான். விரலில் குத்தி ஒரு சொட்டை தபால் தலை அளவு பிளாஸ்டிக் சில்லில் வைத்துப் பெட்டியில் செருகவேண்டும். சில்லுக்குள் தலைமுடியை விட மெல்லிய வாய்க்கால்கள். ரத்தம் அதில் ஓடி எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பெட்டி கணக்கிட்டு எண்ணைக் காட்டும். அதே எண் டாக்டரின் போனுக்கும் போய்விடும். "ஒரு லேபே இதுக்குள்ள இருக்கு பெரியம்மா. நீங்க படியேற வேண்டாம்" என்றான்.

படியேறவில்லை. எட்டு மாதமாக எண்ணும் ஏறவில்லை, இறங்கவில்லை. ஒழுங்காக வாழ்ந்தால் உடம்பும் ஒழுங்காக இருக்கும்.

பிப்ரவரி 25

2.6. காலையிலிருந்து கரண்ட் இல்லை.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பலோடு வெயிலில் நடந்து வந்தேன். களைப்பு. இந்த வருடம் களைப்பு சீக்கிரமே வந்துவிட்டது.

இனி உயிர்ப்பு ஞாயிறு வரை கறி, மீன், முட்டை கிடையாது. முருங்கைக் கீரை, அரைக்கீரை, பருப்பு. கீரை என் மாத்திரைக்கு எதிரி, ரத்தத்தை உறையும் பக்கம் இழுக்கும் என்று டாக்டர் ஒவ்வொரு வருடமும் சொல்கிறார். நோன்பை விடச் சொல்ல அவருக்கு மனம் வராது. அவருக்கும் இப்போது நோன்புதான். "எண்ணைப் பாத்துக்கிட்டே இருங்கம்மா, இறங்குனா மாத்திரைய ஏத்திக்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். போன தவக்காலத்தில், பெட்டி வருவதற்கு முன், மூன்றாம் வாரம் லேபில் 1.7 வந்தது. ஏற்றினார்.

மார்ச் 11

2.5. ஆறு நாள் கீரைக்குப் பிறகும் அசையவில்லை. டாக்டரிடம் போனில் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. மாத்திரையை ஏற்றவேண்டாம் என்றார்.

மார்ச் 14

சுந்தரம்மாள் ரெட்டியார்சத்திரத்திலிருந்து பேசினாள். தொலைபேசி நிலையத்தில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது ஆபரேட்டராக இருந்தவள். அவளுக்கு இதயத் துடிப்பில் கோளாறு, அதே மாத்திரை. நான் சொல்லித்தான் அவளும் பிராங்கிளினிடம் பெட்டி வாங்கினாள். செவ்வாய்க்குச் செவ்வாய் எண்களை ஒப்பிட்டுக்கொள்வோம். இன்று வெள்ளிக்கிழமையே கூப்பிட்டாள்.

"பல்லு தேச்சா துப்புறதெல்லாம் செவப்பா வருதுக்கா. கையில வேற கத்தரிக்கா கலர்ல ஒரு திட்டு."

எண் என்ன என்று கேட்டேன். 2.5 என்றாள். பிறகென்ன கவலை, பிரஷ்ஷை மாற்று, எதிலாவது இடித்துக்கொண்டிருப்பாய், மெஷின் பொய் சொல்லாது என்றேன்.

"சரிங்க சூப்பர்வைசரம்மா" என்றாள். இப்போதும் என்னைக் கேலி செய்யவேண்டுமென்றால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

மார்ச் 18, செவ்வாய்

2.5.

இரண்டு வாரக் கீரை. சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை.

பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஜூனிலிருந்து எல்லாம் 2.4, 2.5, 2.6. அக்டோபரில் காய்ச்சலில் கஞ்சி கூட இறங்காமல் கிடந்தேனே, அந்த வாரமும் 2.5. டிசம்பரில் இரண்டு இரவு மாத்திரையை மறந்தேன். அப்போதும் 2.5. மறந்ததை டாக்டரிடம் சொல்லவில்லை, எண் நன்றாக இருக்கிறதே என்று.

எக்ஸ்சேஞ்சில் ஒரு நாள் முழுக்க ஒரு லைன்கூடப் பழுதில்லை என்று டெஸ்ட் போர்டு காட்டினால், லைன்களைப் பார்க்கமாட்டோம். போர்டைத்தான் திறப்போம். இத்தனை மாதம் எனக்கு ஏன் அது தோன்றவில்லை? நல்ல மார்க் வந்தால் விடைத்தாளைத் திரும்பக் கேட்கிற பெண் எந்த கான்வென்ட்டில் இருந்தாள்.

மார்ச் 20, வியாழன்

வீட்டு வேலைக்கு வரும் பொன்னழகுவின் விரலைக் கேட்டேன். நாற்பது வயது, மாத்திரை ஒன்றும் கிடையாது. மாத்திரை சாப்பிடாதவர் ரத்தத்துக்கு எண் 1-ஐ ஒட்டித்தான் வரவேண்டும்.

"ரத்தத்தையும் எடுத்துட்டீங்கன்னா என்கிட்ட வேற என்னம்மா இருக்கு" என்றாள். ஆனாலும் நீட்டினாள்.

2.6.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தனக்கு ஏதோ வியாதி என்று பயந்து போனாள். உனக்கு ஒன்றுமில்லை, வியாதி பெட்டிக்கு என்றேன்.

அவள் போன பிறகு மதியப் பொரியலுக்கு வைத்திருந்த பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து ஒரு சொட்டு வைத்தேன். பெட்டி வழக்கம்போல் முனகியது. வழக்கம்போல் நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது.

2.5.

மார்ச் 21

பிராங்கிளினை வரச் சொன்னேன். வந்தான். வெயிலில் சில்லு கெட்டிருக்கும் என்றான். பிறகு பேட்டரி என்றான். பீட்ரூட்டைச் சொன்னதும் கையை நீட்டினான்.

"பெட்டியக் குடுங்க பெரியம்மா. சாயங்காலத்துக்குள்ள புதுசு தாரேன்."

கொடுக்கவில்லை. கேட்டவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் கொடுக்கவில்லை. அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இன்னும் எத்தனை பேர் வீட்டில் இது இருக்கிறது என்று கேட்டேன். கடையில் பார்த்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டான். மோர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

மார்ச் 22, சனி

காலையில் ஆட்டோ பிடித்து லேபுக்குப் போனேன். படியேறினேன். நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள்.

1.4.

டாக்டர் நாசர் சத்தம் போடாதவர். இன்று போட்டார். பிறகு என்னைத் திட்டவில்லை என்றும் சொன்னார். வால்வில் இன்னும் கட்டவில்லை, கர்த்தர் கருணை. மாத்திரை ஏற்றியாயிற்று, ஐந்து நாள் வயிற்றில் ஊசி. பீட்ரூட் கதையைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருடைய நோயாளிகளில் எத்தனை பேர் வாரந்தோறும் அவர் போனுக்கு 2.5 அனுப்புகிறார்களோ. அதைத்தான் நினைத்திருப்பார்.

லேபிலிருந்தே சுந்தரம்மாளைக் கூப்பிட்டேன். பெட்டியை நம்பாதே, பல்லில் ரத்தம் வந்தால் மாத்திரை அதிகம் என்று அர்த்தம், நிறுத்து, இன்றே போய் ஊசியில் ரத்தம் கொடு என்றேன். தோட்டத்தில் பூ எடுக்கிற நாள், ஆள் இல்லை, திங்கள்கிழமை போகிறேன் என்றாள். விடாமல் சொன்னேன்.

"நீங்கதானக்கா சொன்னீங்க, மெஷின் பொய் சொல்லாதுன்னு. நேத்து வரைக்கும் ரெண்டரைதான் காட்டுது. சும்மா பதறாதீங்க."

நான் சொன்ன சொல்லாயிற்றே, எப்படி விடுவாள்? முப்பது வருடம் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பழகியவள். அவள் மகன் பிரபுவின் நம்பருக்கும் அடித்தேன். எடுக்கவில்லை.

வியாழனன்றே கூப்பிட்டிருக்க வேண்டும். பிராங்கிளின் என்ன சொல்கிறான் பார்ப்போம் என்று இரண்டு நாள் இருந்துவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

பிரபு கூப்பிட்டான். நேற்று மத்தியானம் தோட்டத்திலேயே ரத்தமாக வாந்தி எடுத்திருக்கிறாள். திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். எண் எட்டுக்கு மேல்.

எட்டு. பெட்டி காட்டியது இரண்டரை.

மார்ச் 25

செவ்வாய். குத்திக்கொள்ள ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். என்னைக் கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டார்கள். கண் திறக்கவில்லை.

மார்ச் 27

டாக்டர் என் பெட்டியைத் தன் ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கவனிக்கும் என்ஜினியர் தமிழ்மதியிடம் கொடுக்கச் சொன்னார். முப்பது வயதிருக்கும். அதிகம் பேசவில்லை. எனக்குப் பிடித்தது.

பின்பக்கத்து ஸ்டிக்கரை முதலில் காட்டினாள். ஒரு தடவை உரித்து மறுபடி ஒட்டியது. திருகை எடுத்துத் திறந்து, பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தாள். பச்சைப் பலகையின் ஓரத்தில் நகக்கண் அளவில் இன்னொரு பலகை. அதிலிருந்து நான்கு மெல்லிய கம்பிகள். அது கம்பெனி வைத்தது இல்லை.

கம்பெனிச் சில்லு உள்ளே போனால் அதை அடையாளம் கண்டுகொள்ளும்படி பெட்டியைச் செய்திருக்கிறார்களாம். வேறு சில்லு போட்டால் வேலை செய்யாது. இந்தச் சின்னப் பலகை நடுவில் உட்கார்ந்துகொண்டு, எது உள்ளே போனாலும் கம்பெனிச் சில்லுதான் என்று பெட்டியை நம்பவைக்கிறது. பிறகு என் சில்லு ஒன்றைப் பிளந்து காட்டினாள். வாய்க்கால் அச்சு இருக்கிறது. ரத்தத்தை உறையவைத்துப் பார்க்கும் மருந்து உள்ளே இல்லை. வெறும் பிளாஸ்டிக். அளக்க எதுவுமே இல்லாததால், எண்ணையும் அந்தப் பலகையே கொடுத்துவிடுகிறது.

ஏன் இரண்டரை என்று கேட்டேன்.

"அதுதான் யாரும் திரும்பக் கேக்காத நம்பர்ம்மா. டாக்டரும் கேக்கமாட்டாரு, நீங்களும் கேக்கமாட்டீங்க. நடுவுல ரெண்டு நாலு, ரெண்டு ஆறுன்னு கொஞ்சம் ஆட்டி வேற விட்டிருக்கான். செஞ்சவனுக்கு மனுசங்களத் தெரிஞ்சிருக்கு."

என்னைத் தெரிந்திருக்கிறது.

மார்ச் 29, சனி

பிராங்கிளின் வந்தான். இந்தத் தடவை உட்கார்ந்தான். மோரும் குடித்தான்.

கம்பெனிச் சில்லு சரியாக வந்து சேரவில்லையாம், போன வருடம். கேட்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்ல முடியாமல், கோயம்புத்தூரில் ஒருவனிடம் பெட்டிகளைக் கொடுத்து, எந்தச் சில்லும் ஏற்கும்படி செய்து வாங்கியிருக்கிறான். சில்லும் அவனே தந்தான்.

"சத்தியமா அது லாக்க மட்டுந்தான் எடுக்கும்னு நெனச்சேன் பெரியம்மா. நம்பரையும் அதுவே போடும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா உங்களுக்குக் கொண்டுவந்து வைப்பேனா?"

நம்புகிறேனா? நம்புகிறேன். எனக்கு விஷம் வைக்கிறவன் இல்லை. ஆனால் ஒரு பெட்டியிலாவது தன் விரலைக் குத்திப் பார்த்தாயா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். விற்கிறவன் விரலுக்கு ஒரு குத்து. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

இருபத்தெட்டு வீட்டில் இருக்கிறதாம். திங்கள்கிழமைக்குள் எல்லாவற்றையும் நீயே போய் எடு, சர்வீஸ் என்று பொய் சொல்லாதே, எண் தப்பு, உடனே லேபுக்குப் போங்கள் என்று சொல் என்றேன். சரி என்றான். டாக்டரும் ஒரு வாரமாகத் தன் பக்கத்திலிருந்து எல்லாருக்கும் போன் செய்கிறார்.

கோயம்புத்தூர்க்காரன் வேறு யாருக்குச் செய்து கொடுத்தான் என்று கேட்டேன். பழனியில் ஒரு கடை, வத்தலக்குண்டில் ஒரு கடை என்றான். அதற்கப்புறம் தெரியாது.

ஏப்ரல் 1

சுந்தரம்மாள் கண் திறந்தாள். என்னை உள்ளே விடவேண்டாம் என்று பிரபு நர்ஸிடம் சொல்லியிருக்கிறான். நியாயம்.

எனக்கு லேபில் 2.2.

ஏப்ரல் 2

என் ஓரகத்தி ரோஸ்மேரி வந்தாள், பிராங்கிளினின் அம்மா. நாற்பது வருடமாக ஒரே பெஞ்சில் பூசை காண்கிறோம்.

அவன்தான் பெட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டானே, இன்னும் என்ன என்று கேட்டாள். அவன் பெரியப்பா, என் வீட்டுக்காரர், கிடந்தபோது ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் இருந்தவன் யார், சவப்பெட்டியைத் தூக்கியவன் யார் என்று கேட்டாள். எல்லாம் உண்மை. எதற்கும் இல்லை என்று சொல்லவில்லை.

"புகார் மட்டும் குடுக்காதீங்கக்கா. நீங்க வாயத் தொறக்கலன்னா இது இதோட போயிரும்."

அதுதான் பிரச்சினை. இதோடு போய்விடும். வத்தலக்குண்டில் யாரோ ஒருத்தி நாளைக்குக் காலையில் விரலைக் குத்திக்கொண்டு 2.5 என்று சந்தோஷப்படுவாள். அவளிடமிருந்து பெட்டியை எடுக்க பிராங்கிளினால் முடியாது. என்னாலும் முடியாது. மருந்துத் துறை ஆள் போனால்தான் அந்தக் கடைகள் திறந்து காட்டும். அந்த ஆள் போகவேண்டுமென்றால், இது எங்கிருந்து வந்தது என்று யாராவது பெயர் சொல்லவேண்டும்.

சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் ஏறவில்லை. என் மகனாக இருந்தாலும் ஏறியிருக்காது.

ஏப்ரல் 3

தூக்கமில்லை. எனக்குப் பிள்ளை இல்லை. இருப்பது அவன் ஒருவன். என்னை யார் தூக்குவார்கள் என்று யோசித்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 4

கொடுத்துவிட்டேன். தமிழ்மதி பெட்டி, சின்னப் பலகை, பிளந்த சில்லு எல்லாவற்றையும் முத்திரை வைத்துக் கொண்டுவந்திருந்தாள். டாக்டரும் கையெழுத்துப் போட்டார். அதிகாரி பெயர் கேட்டார். பிராங்கிளின் பவுல்ராஜ், என் கொழுந்தனார் மகன் என்றேன். உறவைக் கேட்கவில்லையே என்றார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

கொடுப்பதற்கு முன் அவனுக்குப் போன் செய்து சொன்னேன். முதுகுக்குப் பின்னால் செய்கிற வழக்கம் எனக்கில்லை. ஓடிவிடாதே, அந்தக் கோயம்புத்தூர்க்காரன் பெயரை நீயே சொல் என்றேன். "சரி பெரியம்மா" என்று வைத்துவிட்டான்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

ரோஸ்மேரி வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். என் பெஞ்சில் இடமிருந்தும் யாரும் வந்து உட்காரவில்லை. குருத்தோலையோடு தனியாக வீட்டுக்கு வந்தேன்.

ஏப்ரல் 16

வத்தலக்குண்டுக் கடையில் நாற்பது பெட்டி எடுத்தார்களாம். பழனியில் அதற்கு மேல். தமிழ்மதி போன் செய்தாள். பிராங்கிளின் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறான். அவனையும் கோயம்புத்தூர்க்காரனையும் கைது செய்துவிட்டார்கள்.

ஏப்ரல் 20

உயிர்ப்பு ஞாயிறு. நோன்பு முடிந்தது. கறி வாங்கவில்லை. பழைய குழம்பே இருந்தது.

மே 9

சுந்தரம்மாளே கூப்பிட்டாள். குரல் பாதியாகிவிட்டது. நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கேட்டுப் பழக்கமில்லாததால் வாக்கியம் சரியாக வரவில்லை. பாதியில் நிறுத்திவிட்டாள்.

"விடுங்கக்கா. இனிமே நம்ம நம்பர் பேச வேண்டாம். இன்னைக்கு உங்க வீட்டுல என்ன வெஞ்சனம், அதச் சொல்லுங்க."

அவரைக்காய்ப் பொரியல் என்றேன். அதற்குத் தேங்காய் போட்டீர்களா என்று கேட்டாள்.

ஜூலை 15

டாக்டரின் ஆஸ்பத்திரியில் புதுப் பெட்டிகள் வந்திருக்கின்றன. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள் தமிழ்மதி. திறந்தால் தானாகவே செத்துப்போகும்படி செய்திருக்கிறார்களாம். நல்லது. ஆனால் பூட்டை மட்டும் நம்பி உட்காரப்போவதில்லை என்றாள். மாதம் ஒரு தடவை, முன்னறிவிப்பு இல்லாமல், எண் தெரிந்த ரத்தம் ஒரு சொட்டு ஒவ்வொரு பெட்டிக்கும். ஒரு மாதம் எண் 1 உள்ளது, ஒரு மாதம் 4 உள்ளது. அப்போதும் இரண்டரை என்று சொல்லும் பெட்டி மாட்டிக்கொள்ளும்.

எனக்கு ஒன்று தரட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். பெட்டிமேல் கோபமில்லை. நல்ல எண்ணைப் பார்த்தால் நான் மறுபடியும் நம்பிவிடுவேன்.

ஆகஸ்ட் 26

1.9. போன வாரம் 3.1. அதற்கு முன் 2.3. இதுதான் என் உடம்பு போலிருக்கிறது.

லேப் படியில் கால் வழுக்கியது. அடியில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வாசலில் ஆட்டோவுக்கு நின்றேன். பிராங்கிளினின் கார் வந்து நின்றது. ஜாமீனில் வந்தது தெரியும். கடையை மூடி முத்திரை வைத்திருக்கிறார்கள். இளைத்திருக்கிறான். படியில் வழுக்கியதைப் பொன்னழகு சொல்லியிருக்கவேண்டும்.

இறங்கிவந்து பின்கதவைத் திறந்தான். நான் ஏறினேன். லேப் வாசலில் இறக்கிவிட்டுக் காத்திருந்தான். திரும்பும்போது எண் என்ன என்று மட்டும் கேட்டான். 2.7 என்றேன்.

அக்டோபர் 14

இன்றும் அவன்தான் கூட்டிப்போனான். இப்போது செவ்வாய்க்கிழமை என்றால் கார் வந்துவிடுகிறது. ரோஸ்மேரிக்கு இது தெரியாதாம். தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

2026 ஜனவரி 20, செவ்வாய்

2.1.

திரும்பி வரும்போது மழைத் தூறல். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியும் அவன் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு, திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

"அடுத்த செவ்வா என்னால வர முடியாது பெரியம்மா. கோர்ட்டுல கேஸு இருக்கு. தெரிஞ்ச ஆட்டோக்காரர்ட்ட சொல்லிருக்கேன், பதமா ஓட்டுவாரு."

அன்றைக்கு வரச்சொல்லித்தான் எனக்கும் சம்மன் வந்திருக்கிறது, முதல் சாட்சி நான்தான் என்றேன்.

அவனுக்கு அது தெரிந்திருந்தது. தலையாட்டினான்.

எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும் என்று கேட்டேன். ஒன்பதரை என்றான். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவன் கேட்கவில்லை. உள்ளதை உள்ளபடிதான் சொல்வேன் என்று அவனுக்குத் தெரியும்.

ஆட்டோ வேண்டாம், ஒன்பதுக்கே வந்துவிடு, இட்லி சாப்பிட்டுவிட்டுச் சேர்ந்தே போகலாம் என்றேன்.